கீழ்ச்சரிவில் பாதை இல்லை

அபிராமி என்னிடம் ஒரு பக்கம்தான் கேட்டாள்.

"ஒரு பக்கம் காணும் அங்கிள். அந்தக் கீழ்ச்சரிவுப் பாதையை எப்பிடி மூடினனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. நான் இங்கிலீசில மாத்தி வொலண்டியர்ஸுக்குக் குடுக்கிறன். எங்கட ஆக்கள் மூடினா மூண்டு மாசத்தில திரும்பத் திறந்திடுது. நீங்கள் மூடினது மட்டும் அடையாளமே இல்லாமப் போயிட்டுது."

பாராட்டத்தான் சொன்னாள். பிள்ளையில் பிழை இல்லை. லண்டன் கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்தவள்; நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த குழுவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. அந்தக் குழுவைக் கவுன்சில் கைகழுவி ஒரு கொன்ட்ராக்ட் கம்பனியிடம் கொடுத்துவிட்டது. எங்கள் காலத்தில் நாலு சம்பளக்காரர், ஒரு பழைய வான். இப்போது ஒரு சம்பளக்காரி, கிழமைக்கு ஒரு புதுக் கூட்டம் இலவச ஆட்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. பிக்காசைத் தூக்க முன்னர் படம் எடுக்கிறார்கள். பிடிக்கத் தெரியாதவர்களும் படத்தில் நன்றாகத்தான் பிடிக்கிறார்கள்.

அவள் கேட்டதை ஒரு பக்கத்தில் எழுத முடியாது என்று போனை வைக்க முன்னரே எனக்குத் தெரியும். இங்கிலீசிலும் எழுத முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை, மெதுவாக என்றாலும் வாசிப்பாள். வாசித்துவிட்டு மொழிபெயர்ப்பதா கிழித்துப் போடுவதா என்று அவளே முடிவெடுக்கட்டும்.

எங்கள் வேலையை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. குரோய்டன் தாண்டி இன்னும் அரை மணித்தியாலம் பஸ்ஸில் போனால் வீடுகள் முடிந்து சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்கும். மேலே நாலு விரல் மண், கீழே முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு. அந்த நாலு விரல் மண்ணில் வளர்கிற சில பூக்கள் வேறு மண்ணில் வளராது. அதைக் காப்பதும், சனம் நடக்கிற பாதைகளைத் திருத்துவதும், நடக்கக் கூடாத பாதைகளை மூடுவதும்தான் வேலை. தோர்ண்டன் ஹீத்தில் கலியாண வீடோ செத்தவீடோ, என்னைக் கண்டால் "இன்னும் முள்ளுப் பத்தைதான் வெட்டுறியோ?" என்று கேட்பார்கள். "பத்தை வெட்ட லண்டன் வரைக்கும் வரவேணுமோ, ஊரில பத்தை இல்லையோ?" என்று என் மச்சான் ஒருவர் சபையில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அகதியாக வந்தவன் முதலில் பழகுவது அந்தச் சிரிப்பைத்தான்.

வந்த புதிதில் ஏழு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். பிறகு கவுன்சில் பூங்காக்களில் புல் வெட்டினேன். குன்றுக் குழுவுக்கு ஆள் கேட்டபோது நான் கை உயர்த்தியது அங்கே கண்ணாடி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. மரம் அரிய, சரிவில் படி கட்ட, மழைத்தண்ணீர் பாதையை அரிக்காமல் குறுக்கே வாய்க்கால் வெட்ட ஒன்றரை வருடத்தில் பழகிவிட்டேன். பாதையை மூடப் பழகத்தான் அதிக காலம் எடுத்தது. அதைக் கற்றுத் தந்தவர் கிளைவ்.

கிளைவ் எங்கள் பொறுப்பாளர். மெலிந்த, நெட்டையான மனிதர். குரல் உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் பிழை விட்டால் ஏச மாட்டார். முழங்காலில் இருந்து, நாங்கள் செய்ததைக் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, முதலில் இருந்து தானே செய்வார். ஏச்சு என்றால் பதிலுக்கு மனதுக்குள்ளாவது ஏசலாம். இது அப்படி இல்லை. ஐம்பத்தைந்து வயது மனிதர் ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றி என் வேலையைத் திருத்துவதை, மற்றவர்களும் பார்க்க, நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாம் முறை அந்தப் பிழையை யாரும் விட மாட்டோம்.

இளமையில் அவர் அமெரிக்காவில் ஒரு பாலைவனப் பாதைக் குழுவில் சில வருடம் வேலை செய்தவர். அங்கே மண்ணுக்கு மேல் தோல் போல ஒரு படை இருக்குமாம். ஒருவன் ஒரு தரம் மிதித்தால் அந்தக் காலடி அவன் செத்த பிறகும் கிடக்குமாம். ஒரு காலடியைக் கண்டால் இன்னொருவன் அதில் கால் வைப்பான், பிறகு பாதை. ஆகவே அங்கே பாதையை மூடுவதென்றால் ஒளிப்பது. கிளைவ் எங்கள் குன்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். "இதுவும் பாலைவனம்தான் பாலா. மழை பெய்கிற பாலைவனம்" என்பார்.

அவருடைய முறையை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முதலில் ஒரு நாள் முழுக்க அந்தப் பாதை பிரிகிற இடத்தில் தேத்தண்ணிப் போத்தலோடு சும்மா இருக்க வேண்டும். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு பிக்காசால் இறுகிய மண்ணைக் கிண்ட வேண்டும். மிதிக்கிற காலுக்குப் பழகிய இடம் போல இருக்கக் கூடாது. சனம் தாமாக வெட்டிய படிகள் இருந்தால் கொத்திச் சரிவாக்க வேண்டும். மேலே சருகும் கல்லும் தூவ வேண்டும். கடைசியில்தான் கொப்பு நடுவது. காய்ந்த முள்ளுக் கொப்புகளை ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்து, அங்கேயே முளைத்துப் பட்டுப்போனது போல நிறுத்த வேண்டும். ஒன்று சரிந்து, ஒன்று நிமிர்ந்து, இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இல்லாமல்.

யாழ்ப்பாணத்தில் முள்ளுக் கொப்பால் அலம்பல் வேலி அடைத்த கை என்னுடையது. நான் முதல் தரம் நட்டபோது வரிசையாக, இறுக்கமாக, ஒரு பூனையும் புகாமல் அடைத்துவிட்டு நிமிர்ந்தேன். கிளைவ் எல்லாவற்றையும் பிடுங்கினார். "வேலியைக் கண்டால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மனிதனுக்குத் தெரிந்துவிடும்" என்றார். அறிவிப்புப் பலகையும் அதே காரணத்துக்காக வைப்பதில்லை. பாதை மூடப்பட்டது என்று எழுதினால், பாதை இருக்கிறது என்று நாங்களே சொன்ன மாதிரி. முழுத் தூரமும் நட வேண்டியதில்லை. பெரிய பாதையில் நிற்பவனின் கண்ணுக்கு எட்டுகிற பதினைந்து அடி போதும். வேலை முடிந்ததும் பின்பக்கமாக நடந்து, ஒரு கொப்பால் எங்கள் காலடிகளைக் கூட்டி அழித்துவிட்டு வர வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தரமாவது போய்ப் பார்க்க வேண்டும். "ஒரு கொப்பு நகர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே திருப்பி நடு. யோசிக்காதே, நாளைக்கு என்று விடாதே" என்பார். அந்த யோசிக்காதே என்பதை நான் நன்றாகப் படித்துக்கொண்டேன்.

கீழ்ச்சரிவுப் பாதை குன்றின் மேலே இருக்கிற வீடுகளில் இருந்து கீழே பஸ் போகிற தெருவுக்கு நேரே இறங்கிய குறுக்குவழி. எந்த வரைபடத்திலும் கிடையாது. சனத்தின் கால் போட்ட பாதை. மழைக்கு மண் முழுக்க அரிபட்டு சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியத் தொடங்கியதும் கிளைவ் அதை மூடச் சொன்னார். சுற்றி இறங்கக் கைபிடியோடு நல்ல படிகள் இருக்கின்றன, பத்து நிமிடம்தான் கூட. அது என் பகுதி என்பதால் பொறுப்பு என்னுடையது.

நான் காவல் இருந்த நாளில் அதில் இறங்கியவர் ஆர்தர் ஒருவர்தான். இரண்டு தரம் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் சாரதி. கீழே இருந்த பஸ் கராஜுக்கு முப்பது வருடம் விடியப்புறம் அந்த வழியாலேயே வேலைக்குப் போனவர். இப்போது அதே வழியால் பேப்பர் வாங்கப் போனார். அதில் இருந்த மண்படிகள் அவர் தன் கையால் வெட்டியவை. நாங்கள் வேலை முடித்த அன்று பேப்பரோடு திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "என் பாதை எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு அன்று சந்தோசம் தாங்காத புழுகம். கிளைவ் ஒரு கொப்பையும் பிடுங்காத முதல் வேலை அது. "ஆறு மாதத்தில் இங்கே ஒரு பாதை இருந்ததே உங்களுக்கு மறந்துவிடும்" என்றேன்.

"எனக்கு மறக்கலாம்" என்றார் அவர். "என் காலுக்கு மறக்காது."

சில மாதம் அவர் கொப்பைப் பிடுங்கிப் போட, நான் திருப்பி நட, அப்படியே போயிற்று. பிறகு விட்டுவிட்டார். படிகளால் சுற்றி இறங்கும்போது என்னைக் கண்டால் தொப்பியைத் தொட்டு, "உன் முட்கள் சுகமா?" என்று கேட்பார். நானும் சுகம் என்பேன். ஆறாம் வருடம் ஒரு நாள் அவர் என்னிடம் அதே கேள்வியை மூன்று தரம் கேட்டார். நான் அதைப் பகிடி என்று எடுத்தேன்.

அதற்கடுத்த வருடம், குளிர் தொடங்கிய ஒரு காலையில், ஆர்தரைக் காணவில்லை என்று எங்கள் குழுவின் டிப்போவுக்கு அழைப்பு வந்தது. அவருக்கு மறதி நோய் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். மகள் ஜேனட் அவரோடு வந்து தங்கியிருந்தார். காலையில் எழும்பிப் பார்த்தால் கட்டில் வெறுமை, முன்கதவு திறந்து கிடந்திருக்கிறது. குன்றின் கேற்றுப் பூட்டுகளின் திறப்புகள் எங்களிடம் இருந்தன, நிலமும் எங்களுக்குத் தெரியும். கிளைவும் நானும் போனோம்.

பொலிஸ்காரி ஒருவர் வரைபடத்தைக் காரின் மூடியில் விரித்து, "வீடுகளில் இருந்து தெருவுக்கு இறங்க இந்தப் படிகளைத் தவிர வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டார். அது என் பகுதி என்பதால் கிளைவ் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஏழு வருடமாக மாதாமாதம் இல்லாமல் செய்த பாதை. என் மனதில் அது உண்மையாகவே இல்லை. தேடுகிறவர்களில் பெரும்பங்கை மற்றப் பக்கக் காட்டுக்கு அனுப்பினார்கள். அவர் முன்னர் நாயோடு நடக்கிற இடம் அது. குன்றின் மேலால் போகிற பெரிய பாதையை, மேற்பாதையை, பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

"ஆர்தர், ஆர்தர்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். என் தொண்டைக்கு இயன்ற மட்டும் கூப்பிட்டேன், அதில் குறை சொல்ல முடியாது. கீழ்ச்சரிவுப் பாதை பிரிகிற வாயடியில் வந்தபோது ஒரு கொப்பு அடியோடு பெயர்ந்து சரிந்து கிடந்தது.

அபி, இதை நீ நிதானமாக வாசி. ஒரு மனிதரைத் தேடிப் போன நான், பெயர்ந்து கிடந்த அந்தக் கொப்பைக் கண்டேன். யாரோ திரும்பவும் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு எரிச்சல் வந்தது. நின்றேன். கொப்பை எடுத்துக் குழிக்குள் விட்டு, முன்னர் நின்ற பக்கம் சரித்து, குதியால் மண்ணை இறுக்கினேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு ஆர்தர், ஆர்தர் என்று கூப்பிட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். "கண்டுபிடிச்சிட்டினமோ?" என்று மலர் கேட்டாள். மலர் என் மனைவி.

"இல்லை. அந்தப் பக்கம் எல்லாம் பாத்தாச்சு."

கையைக் கழுவும்போது நகத்துக்குள் சுண்ணாம்பு இருந்தது. எங்கே பட்டது என்று யோசித்தேன். யோசிக்கும்போதுதான் அந்தக் கொப்பு நினைவுக்கு வந்தது. ஆனாலும் உடனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாய் தட்டியிருக்கும், பெடியள் பிடுங்கியிருப்பார்கள் என்று. போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு வெட்கத்துக்காகப் பேசாமல் படுத்தேன். விடிந்ததும் நானே போய்ப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

நான் டிப்போவுக்குப் போய் வான் எடுக்க முன்னரே, கீழே தெருப்பக்கம் இருந்து ஏறிய பொலிஸ் நாய் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. நான் நட்ட கொப்பில் இருந்து பதினைந்து இருபது அடி கீழே, பத்தை மறைவில். அவர் வெட்டிய படிகள் இருந்த இடத்தில், நான் கொத்திச் சரிவாக்கிய இடத்தில், கால் வைத்து விழுந்திருக்கிறார். இடுப்பு முறிந்திருந்தது. பழைய பஸ் சாரதிச் சட்டையைப் பொத்தான் பூட்டிப் போட்டிருந்தார். தோளில் பை, பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் வெண்ணெய் பூசிய இரண்டு துண்டுப் பாண். மனிதர் வேலைக்குப் போயிருக்கிறார்.

எல்லாம் முடிந்து பொலிஸ் போன பிறகு, கேற்றுகளைப் பூட்டக் கிளைவும் நானும் மேற்பாதையால் நடந்தோம். வாயடியில் கிளைவ் நின்றார். பிறகு வழக்கம்போல முழங்காலில் இருந்தார். கொப்பின் அடியில் புது மண். அதில் என் சப்பாத்தின் குதி. எனக்கு வலது குதி ஒரு பக்கம் தேயும். அதைச் சொல்லி அவரே பல தடவை பகிடி பண்ணியிருக்கிறார். குதித் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து, அந்தத் தடத்தை மெதுவாகக் கூட்டி அழித்தார். மேலே ஒரு பிடி சருகு தூவினார். எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அங்கே பாதை இல்லை பாலா. கேட்டால் அவ்வளவுதான்" என்றார்.

அன்று என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்து அழுதேன். பிறகு பல வருடம் யோசித்துப் பார்த்ததில், அவர் காப்பாற்றியது தன் முறையை என்றுதான் படுகிறது. இரண்டும் இருக்கலாம். அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். இப்போது உயிரோடு இல்லை. அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

மரண விசாரணையில் டொக்டர் சொன்னதை நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். விழுந்த உடனே உயிர் போகவில்லையாம். குளிரில்தான் போயிருக்கிறது; அன்று பின்னேரம் வரைக்கும் இருந்திருக்கலாமாம். நினைவு இருந்ததா, கூப்பிட்டால் கேட்டிருக்குமா என்று சொல்ல முடியாதாம். நான் கொப்பு நட்டது காலை பதினொரு மணிக்கு. கிளைவ் எழும்பி, பதிவில் அங்கே பாதை எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. விபத்து என்று முடித்தார்கள்.

வெளியே வந்ததும் ஜேனட் என்னிடம் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நீங்கள்தானே அப்பாவின் பெயரை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டவர். வீட்டுத் தோட்டத்தில் இருந்து கேட்டேன். நன்றி" என்றார். கொப்பை நட்ட அதே கை.

அதன் பிறகு ஜேனட் தகப்பனின் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பூவோடு வந்து, கொப்புகளுக்கு இடையால் ஒதுங்கி இறங்கி, அவர் கிடந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு ஆள் கிழமைக்கு ஒரு தரம் நடந்தால் போதும். சில மாதத்தில் சாண் அகலத்துக்குப் புல் படுத்துவிட்டது. எங்கள் மாதாந்தத் தாளில் புதிய குறுக்குப் பாதைகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கீழ்ச்சரிவு, பாதை இல்லை என்று எழுதினேன். ஓய்வு பெறும் வரை ஐந்து வருடம், மாதம் தவறாமல், என் கையெழுத்தில். பெயர்ந்த கொப்புகளை நான் தொடவில்லை. பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தான்.

இந்த வருடம் பங்குனியில் அபி முதலில் போன் எடுத்தபோது இதைத்தான் கேட்டாள்.

"அங்கிள், உங்கட தாளில பாதை இல்லை எண்டு கிடக்கு. ஆனா வடிவா ஒரு பாதை இருக்கு. நான் அடுத்த சனி ஆக்களைக் கொண்டுபோய் மூடட்டோ?"

"கொஞ்சம் பொறு பிள்ளை. கோடை முடியும் மட்டும் விடு. நான் ஒருக்காப் பாக்கிறன்."

"ஓகே அங்கிள். உங்களுக்காக விடுறன்."

அன்று இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் மலரிடம் எல்லாம் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தரம். ஜேனட்டிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றும், பிறகு அந்தப் பாதையை மூட வேண்டாம் என்று கம்பனிக்கு அவரையே எழுதச் சொல்லலாம் என்றும் சொன்னேன். மலர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. பாதையை மூட வேண்டாம் எண்டு கேக்கிறதுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சொல்லாட்டி உங்களுக்கு மட்டும்தான் பாரம். சொன்னா அவவுக்கும் பாரம். உங்கட மனம் ஆற அந்த மனிசியின்ர மனத்தை உடைக்கப் போறியளோ?"

"தெரிய வேண்டியது அவவுக்குத் தெரியத்தானே வேணும்."

"அது அவவுக்காகவோ, உங்களுக்காகவோ எண்டு வடிவா யோசிச்சுப் போட்டுப் போங்கோ."

நான் யோசிக்கவில்லை. யோசித்தால் போக மாட்டேன் என்று தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மேற்பாதையோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஜேனட் பூவோடு வந்தார். என்னைக் கண்டு சிரித்து, பக்கத்தில் இருந்து, என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அவரது முகத்தைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். பாதையை மூடியது நான், படிகளைக் கொத்தியது நான், வேறு வழி இல்லை என்றது நான். அதுவரை இருந்து கேட்டார். கொப்பைச் சொன்னதும் எழும்பினார்.

"எந்தக் கொப்பு?"

காட்டினேன். எட்டு வருடத்தில் உக்கிப்போயிருந்தது. அவர் பிடித்ததும் பாதி கையோடு வந்தது.

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"அரை நிமிடம்."

"அந்த அரை நிமிடமும் கூப்பிட்டுக்கொண்டு இருந்தீர்களா?"

இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை. நின்று யோசித்தேன். கொப்பு நடும்போது நான் பேசுவதில்லை. கவனம் முழுக்கக் கையில் இருக்கும்.

"இல்லை" என்றேன்.

அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்" என்றார். உக்கிய கொப்பை வாங்கில் வைத்தார். பூவையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார். கீழே இறங்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

அடுத்த வியாழன் நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் வரவில்லை. ஆடியில் இரண்டு தரம் போனேன். ஆவணியில் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நின்றது. புல் எழும்பிவிட்டது. முள்ளுச்செடி இரண்டு பக்கத்தாலும் கை நீட்டிவிட்டது. ஐப்பசியில் அபி திரும்பப் போன் எடுத்தாள். அடையாளமே இல்லை, நீங்கள் சரியான கைகாரன் அங்கிள், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றாள்.

அபி, நான் ஒரு கொப்பும் நடவில்லை. பிக்காசையும் தொடவில்லை. அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அவரிடம் போய், வருடக்கணக்காக நான் மறைத்ததைச் சொன்னேன். பிறகு அவர் வரவில்லை. மலர் சொன்னதுதான் நடந்தது. என் நித்திரைகூடத் திரும்பி வரவில்லை. ஐந்து வருடமாகத் தாளில் நான் எழுதியது இப்போது உண்மையாகிவிட்டது. கீழ்ச்சரிவில் பாதை இல்லை.

இதை உன் ஆட்களுக்குக் கொடுக்க முடியாது என்று தெரியும். மண் கிண்டுவதும் கொப்பு நடுவதும் மேலே எழுதியிருக்கிறேன், அதை மட்டும் எடுத்துக்கொள். கிளைவின் முறையில் பிழை இல்லை. ஒன்றை மட்டும் கூடச் சேர்த்துக்கொள். பெயர்ந்த கொப்பு ஒன்றைக் கண்டால், திருப்பி நட முன்னர் குனிந்து ஒரு தரம் உள்ளே பார்க்கச் சொல். யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு தரம் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று நின்று கேட்கவும் சொல்.